போய்ச் சேர்ந்ததும் அழைக்க வேண்டாம்

தம்பி,

உன்னை அழைக்க முடியாததால்தான் எழுதுகிறேன். முடிந்திருந்தால் இதற்குள் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, நீ ஓம் என்று சொல்ல, நானும் போனை வைத்திருப்பேன். அதோடு முடிந்திருக்கும். உன் போன் இங்கே வெள்ளவத்தையில், நான் எழுதும் மேசையில், தண்ணீர்ச் சாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீ கண்டியில் இருக்கிறாய். இன்று உனக்கு மறுபரீட்சை. ஒரு நோயாளியை உன்னிடம் விட்டு, அவரை எழுப்பி நடக்கவைக்கச் சொல்வார்கள். பரீட்சகர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். இதிலும் தவறினால் பிசியோதெரபிப் படிப்பையே விட்டுவிடப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. நான் அடுத்த அறையில் இருந்தேன், கேட்டுவிட்டது.

இந்த நேரம் உன்னை உள்ளே கூப்பிட்டிருப்பார்களா, இன்னும் வெளியே வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து எழுந்து பல்கனிக்குப் போவதும் வந்து உட்காருவதுமாக இருக்கிறேன். கடற்கரைப் பக்கமாக ரயில் போகும்போதெல்லாம் பேனையை வைத்துவிட்டு எழுகிறேன். ரயிலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இதை நாளைக்குத்தான் தபாலில் போடுவேன். பரீட்சைக்கு முன் உன் கையில் கிடைத்து உன்னைக் குழப்பிவிடக் கூடாது. முடிவு சொல்லும்வரை நீ அங்கேயே நிற்பதால் எப்படியும் உன்னிடம் வந்து சேரும். உன்னோடு படிக்கிற பட்ச் பிள்ளைகளின் தாய் தகப்பன் யாராவது வாசிக்க வேண்டும் என்று நினைத்தால் கொடு. எனக்கு வெட்கமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கொடு.

நீ புறப்பட்ட அன்று புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நடந்ததை நான் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். உன் பையை மேலே வைத்துவிட்டு, கதவடியில் நின்று எனக்குக் கைகாட்டுவாய் என்று நினைத்தேன். நீ இறங்கி வந்து போனை என் கையில் வைத்தாய்.

“இதை வைச்சிருங்கோ, அப்பா.”

“ஏன், பழுதே?”

“பழுது நான்தான். சோதினை முடியுமட்டும் உங்களிட்டை இருக்கட்டும்.”

“அப்ப லெக்சர் நோட்ஸ், ஆஸ்பத்திரி வாட்டு ஒழுங்கு எல்லாம் இதுக்குள்ளைதானே வாறது?”

“நோட்ஸ் பிரிண்ட் எடுத்திட்டன். மிச்சம் நோட்டீஸ் போர்டிலை போடுவினம். நடந்து போய்ப் பாக்கிறன். கால் இருக்குத்தானே.”

“நீ போய்ச் சேர்ந்தனீ எண்டு நாங்கள் எப்பிடி அறியிறது?”

நீ சிரித்தாய். “போய்ச் சேராட்டித்தான் அப்பா அறிவியள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தங்கியிருக்கும் போடிங் வீட்டு அம்மாவின் நம்பரை ஒரு துண்டில் எழுதித் தந்து, மிக அவசரம் என்றால் மட்டும் என்று சொன்னாய். பஸ் போய்விட்டது. நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினேன். காலி வீதி முழுக்க அது என் நெஞ்சுக்கு மேல் அதிர்ந்துகொண்டே வந்தது. கொஞ்சம் ஓயும், பிறகு அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் என் கை தானாக மேலே போனது. பக்கத்தில் இருந்த பெண் எனக்கு நெஞ்சுவலியோ என்று பார்த்தாள். இதை எப்படி நீ இத்தனை வருடம் உடம்போடு வைத்திருந்தாய் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கண்டிக்குப் போய்ச் சேரும் நேரம் வந்ததும் வழக்கம்போல என் போனை எடுத்து உன்னை அழைத்தேன். என் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. நான் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். அம்மா கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பிள்ளை உங்கடை பொக்கற்றுக்கைதான் இருக்கிறான். எடுத்துக் கதையுங்கோவன்.”

பகிடிதான். ஆனால் அந்த மணி எனக்குப் புதிது. வேறு யார் அழைத்தாலும் உன் போன் அதிர மட்டுமே செய்யும். நான் அழைத்தால் மட்டும், எந்த நிலையில் வைத்திருந்தாலும், கீச்சிட்டுக் கத்தும்படி செய்திருக்கிறாய். அப்படிச் செய்யச் சொன்னது நான்தான் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், உனக்கு முதல் போன் வாங்கித் தந்த அன்று சொன்னது.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் என்னை இறக்கி, அடையாள அட்டையில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்து, பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஒரு வாங்கில் பின்னேரம்வரை உட்காரவைத்து, பிறகு போகவிட்டார்கள். அக்காலத்தில் இந்தத் தெருவில் இருந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் நடக்கக்கூடியது. நான் அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பது வழக்கம். அன்று எடுக்கவில்லை. நான் வீடு வந்தபோது அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். காலையில் ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. அன்றுதான் அவள் சட்டம் போட்டாள். போனவர் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும்வரை இந்த வீட்டில் ஒருவரும் சோற்றில் கை வைப்பதில்லை.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் போயின. சட்டம் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. நீ டியூஷனுக்குப் போனாலும் போய்ச் சேர்ந்ததும் அழைக்க வேண்டும். கிருலப்பனையில் சித்தி வீட்டுக்குப் போனாலும் அழைக்க வேண்டும். ஒருமுறை கொட்டாஞ்சேனையில் உன் கூட்டாளி ரிஸ்வான் வீட்டுக்குப் போன நீ அழைக்கவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. நான் முச்சக்கர வண்டி பிடித்து அங்கே வந்து, அவன் வாப்பா உம்மா எல்லாரும் இருக்க, வாசலில் நின்று கத்தினேன். கத்திப் பழக்கமில்லாதவன் கத்தினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். குரல் உடைந்து, எல்லாருக்கும் சங்கடம். நீ தட்டில் இருந்த வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு உன் போனில் பற்றரி இறங்கியதே இல்லை. குளிக்கப் போனாலும் கொண்டு போனாய். நல்ல பிள்ளை என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

பிறகு கொரோனாக் காலம். வகுப்புகள் எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வந்தன. எலும்பு, தசை, நரம்பு எல்லாம் அதற்குள்தான். நாள் முழுக்க நீ குனிந்திருந்தால் படிக்கிறாய் என்று நினைத்தோம். உண்மையில் படித்துக்கொண்டும் இருந்தாய். படிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று வெளியிலிருந்து பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. போகப் போக உனக்கும் தெரியாமல் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு பாட வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக வரும். அது பாடமாக இருக்காது. அதற்கடுத்தது என்ன என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று விரல் போகும். நான் சொல்வது சரிதானே? பிழையென்றால் திருத்து.

முதல் பரீட்சையில் நீ தவறியதும் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். பத்திரிகைகளில் கைத்தொலைபேசியின் தீமைகள் என்று வந்ததையெல்லாம் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். நீ விடுமுறையில் வந்தபோது வைஃபைப் பெட்டியை அணைத்துச் சாவி போட்டு அலுமாரியில் பூட்டினேன். நீ டேட்டா போட்டுக்கொண்டாய். அம்மாவுக்குத்தான் கனடாவில் இருக்கிற தங்கையோடு கதைக்க முடியாமல் போனது. “வருத்தம் பிள்ளைக்கு, பத்தியம் எனக்கோ?” என்று கேட்டாள். நான் மறுபடி திறந்து வைத்தேன். அன்று மேசையில் நான் உன்னைக் கேட்டேன், அப்படி என்னதான் அதற்குள் இருக்கிறது என்று. நீ நிமிராமல் சொன்னாய்: “ஒண்டும் இல்லை, அப்பா. ஒண்டும் இல்லாததாலைதான் பாக்கிறன். வாட்டிலை பாக்கிறதெல்லாம் ஏதோ ஒண்டு. கால் போன பெடியன், வாய் கோணின அம்மா. வெளியிலை வந்தா ஒண்டுமில்லாத இடம் ஒண்டு வேணும்.” நான் அதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? குழம்பு விட்டுச் சாப்பிடு என்று சொன்னேன்.

போன வாரம் ரிஸ்வான் வந்தான். உன்னோடு படித்தவன் தேர்ச்சி பெற்று நியமனத்துக்குக் காத்திருக்க, நீ மறுபடி எழுதுகிறாயே என்று எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவன் அதைக் கவனித்துவிட்டான் போல.

“அங்கிள், நான் பெரிய ஒழுங்கு எண்டு நெனைக்க வாணாம். எங்கட பட்ச்ல ஆர்தான் அப்பிடி இல்ல? லெக்சர் ஹோல்ல கடைசி வரிசையில நிண்டு பாத்தா எல்லாம் ஒரே போன் வெளிச்சம்.”

அம்மா தேநீர் கொடுத்தாள். நான் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். உன்னை ஏன் செய்முறையில் தவறவைத்தார்கள் என்று. நீ எங்களுக்குச் சொன்னது, போதாத காலம் என்று மட்டும்தான்.

அவன் தேநீரைக் கீழே வைத்தான். “அவன் சொல்லல்லியா?”

“இல்லை.”

“அப்ப நான் சொல்றது சரியில்ல.”

“சொல்லப்பன்,” என்றாள் அம்மா. “இந்த மனிசன் இனிச் சாப்பிடாது.”

ரிஸ்வான் சொன்னது இதுதான். செய்முறையில் உன் நோயாளி, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்ட ஒரு பெரியவர். இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கப் பழகுகிறவர். நீ அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாய். ரிஸ்வான் அடுத்த நோயாளியோடு நின்றான். உன் சட்டைப் பைக்குள் மணி கத்தியது. நீ ஒரு கையை எடுத்தாய்.

“அங்கிள் கோவிக்க வாணாம். அண்டைக்கு வந்தது உங்கட கோல்தான்.”

அவன் அவசரமாகத் தொடர்ந்தான்.

“ஆனா அவர் உங்கட கோலால விழல்ல. அதையும் நான் சொல்லணும். கோலை அவன் உடனே கட் பண்ணிட்டான். போனைப் பைக்குள்ள போட்டிருக்கலாம். போடல்ல. ஸ்கிரீன்ல கீழ ஏதோ வந்திருந்திச்சி. அதைப் பாத்தான். விரல் ஒருக்காத் தள்ளிச்சி. அந்த நேரம்தான் பெரியவர்ட முழங்கால் மடிஞ்சிச்சி.”

ரிஸ்வான் பாய்ந்து பிடித்திருக்கிறான். பெரியவருக்கு அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் உன்னோடு நடக்க மறுத்துவிட்டாராம். மேற்பார்வையாளர் கேட்டபோது, அழைத்தது வீட்டிலிருந்து என்று நீ சொல்லவில்லையாம். வீடியோ பார்த்தேன் என்று மட்டும் சொன்னாயாம்.

ரிஸ்வான் போன பிறகு நான் நிலைகொள்ளாமல் வீட்டுக்குள் நடந்தேன். அன்று நான் எதற்காக உன்னை அழைத்தேன் என்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. முக்கியமான காரணம் ஒன்று இருந்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். எழும்பிவிட்டாயா, பஸ் கிடைத்ததா, சாப்பிட்டாயா. இவற்றில் ஏதோ ஒன்று. ஒரு நாளில் அத்தனை முறை உன்னை அழைத்திருக்கிறேன். ஒரு முறைகூட, இன்றைக்கு வாட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா என்றும் தெரியவில்லை. உனக்கு ஒன்றுமில்லாத இடம் எதற்குத் தேவைப்பட்டது என்பதாவது விளங்கியிருக்கும்.

மறுநாள் காலையில், சந்தைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புறக்கோட்டைக்குப் போனேன். உன்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நடைபாதையில் ஒரு பை தோடம்பழம் வாங்கினேன். “நுவர, நுவர” என்று கண்டி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்ற நடத்துனர், என் தயக்கத்தைப் பார்த்து “நகின்ன மாத்தயா” என்று பையை வாங்கி வைத்து ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் மனம் இலேசாகிவிட்டது. பல நாட்களாக இல்லாத நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னைப் பயப்படுத்தியது. உன் போனைப் பார்க்கும்போது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது. உன்னைக் கண்ணால் கண்டதும் எனக்கு ஆறிவிடும். திரும்பி வரும் பஸ்ஸிலேயே மறுபடி தொடங்கிவிடும். நீயோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் நான் தோடம்பழத்தோடு நிற்பேன். மறுபடியும் ஒரு கொட்டாஞ்சேனை.

இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என்ன என்று நடத்துனர் கேட்டார். வீட்டில் ஒன்றை மறந்துவிட்டேன் என்று சிங்களத்தில் பொய் சொன்னேன். படியில் இறங்கும்போது கதவுக் கைப்பிடியை நான் பிடித்திருந்த பிடியை நீ பார்த்திருந்தால், தொழில் முறையில் ஏதாவது சொல்லியிருப்பாய்.

அம்மா பையைத் திறந்து பார்த்தாள். “வெள்ளவத்தைச் சந்தையிலை இப்ப ஆர் தோடம்பழம் விக்கிறான்? புறக்கோட்டைக்கே போனனீங்கள்?”

“ஓம்.”

“பஸ் ஏறினனீங்களோ?”

“ஏறி இறங்கிட்டன்.”

அவள் ஒரு பழத்தை எடுத்து உரித்துப் பாதியை எனக்குத் தந்தாள்.

நான் கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்க்கும் வேலை செய்தவன் என்பது உனக்குத் தெரியும். வியாபாரியின் தராசைத் தொடுவதற்கு முன், எங்கள் கையில் இருக்கும் பித்தளைப் படிக்கற்களை அலுவலகத்தில் இருக்கும் மூலக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கை பட்டுப் பட்டு எங்கள் கல்லும் தேய்ந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வேலைக்குப் புறப்பட்டதில்லை. உன் விஷயத்தில் மட்டும் பார்க்காமல் புறப்பட்டுவிட்டேன். இதனால் உன் பங்கு குறைந்துவிடாது. விரலைத் தள்ளியது நீ. அதை நீயே மேற்பார்வையாளரிடம் ஒப்புக்கொண்டாய், என் பெயரை இழுக்காமல். நான் உனக்குச் சொல்ல நினைத்த புத்திமதிகள் ஒரு தாள் நிறைய இருந்தன. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். மிஞ்சியது ஒன்றுதான். ஒருவரைப் பிடித்திருக்கும்போது இரண்டு கையாலும் பிடி. எழுந்து நிற்கப் பயப்படுகிறவருக்கு, பிடித்திருக்கிறவரின் கவனம் எங்கே இருக்கிறது என்று உடம்பிலேயே தெரிந்துவிடும். நான் பயந்தவன். எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இது புத்திமதி இல்லை, கேள்வி. அந்தப் பெரியவர் இப்போது நடக்கிறாரா? அவருடைய பெயர் என்ன? நீ வந்ததும் எனக்கு அவரைப் பற்றிச் சொல். சொல்ல விருப்பமில்லாவிட்டால் வேறு யாரைப் பற்றியாவது சொல். நான் குழம்பைப் பற்றிப் பேசமாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது. முயற்சி செய்வேன்.

நீ போன நாளிலிருந்து உன் போனைத் தினமும் காலையில் சார்ஜில் போட்டு வந்தேன். நீ கேட்டுக்கொள்ளவில்லை. இன்று போடவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அது ஒருமுறை அதிர்ந்து, திரை கறுத்துவிட்டது. நான் கையை நீட்டினேன். பிறகு கையை இழுத்துக்கொண்டேன். வயரைத் தேடவில்லை. நீ வந்ததும் உன்னிடமே தருகிறேன். அதை என்ன செய்வது என்று நீ முடிவு செய். என் அழைப்புக்கு வைத்த மணியை மட்டும் எடுத்துவிடு. நியமனம் கிடைத்து எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், போய்ச் சேர்ந்ததும் அழைக்க வேண்டாம். வேலை முடிந்து, கை கழுவி, உனக்குக் கதைக்க விருப்பம் வரும்போது எடு. அன்று எடுக்காவிட்டால் அடுத்த நாள் எடு.

உள்ளிருந்து அம்மா கூப்பிடுகிறாள். “இஞ்சருங்கோ, சோறு போட்டாச்சு.”

“அவன் இன்னும்...” என்று தொடங்கினேன்.

“அவன் சோதினை முடிச்சுச் சாப்பிட்டிருப்பான், இல்லாட்டி இனிச் சாப்பிடுவான். வாங்கோ, ஆறப் போகுது.”

சட்டம் போட்டவளே என் சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் சோற்றில் கை வைத்துவிட்டாள். இங்கிருந்தே பார்க்கிறேன். உன்னைக் கூப்பிட்டார்களா, அந்த நோயாளி எழுந்தாரா, எத்தனை அடி நடந்தார், ஒன்றும் எனக்குத் தெரியாது. தம்பி, நான் சாப்பிடப் போகிறேன்.

அப்பா